காசாபிளாங்காவில் கப்பல் நிற்பது ஒரு பகல்தான்: மராகேஷா, ரபாத்தா, ஊருக்குள்ளேயா?

கயல்_சிங்கை:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் பயணக் கப்பலில் போகிறோம். நடுவில் ஒரு நாள் மொராக்கோவின் காசாபிளாங்காவில் நிற்கிறது. காலை 8 மணிக்குக் கரை, மாலை 5.30க்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். நான், கணவர், பதினொரு வயது மகன், ஊரிலிருந்து வரும் என் அம்மா என்று நான்கு பேர். அம்மாவுக்கு முட்டிவலி. நடப்பார், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது.

கணவர் தனி வேன் பேசி மராகேஷ் போய் வந்துவிடலாம் என்கிறார். "காசாபிளாங்காவில் என்ன இருக்கிறது, ஒரு மசூதி, அவ்வளவுதான்" என்று அவருடைய அலுவலக நண்பர் சொல்லிவிட்டாராம். எனக்கு மனசு ஒப்பவில்லை. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நீராவி:

மராகேஷை மறந்துவிடுங்கள் சகோதரி. துறைமுகத்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர். விரைவுச்சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசாபிளாங்கா நெரிசலைத் தாண்டி வெளியே வருவதற்கே பொறுமை வேண்டும். ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குக் கப்பலைக் கரையில் கட்டினால் நீங்கள் வேனில் உட்காரும்போது ஒன்பதாகிவிடும். பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒன்றரைக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். செப்டம்பர் உச்சிவெயிலில், முட்டிவலிக்கார அம்மாவோடு, ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் ஒன்றரை மணி நேரம். அந்தச் சதுக்கம் களைகட்டுவதே பொழுது சாய்ந்த பிறகுதான்.

இன்னொன்று. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே வேன் பேசிப் போய் டயர் வெடித்தால் கப்பல் உங்கள் பெட்டிகளோடு கிளம்பிவிடும்.

என் வோட்டு தலைநகர் ரபாத்துக்கு. காசா போர் ரயில் நிலையம் துறைமுக வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரபாத் வில் நிலையத்துக்கு ஒரு மணி நேரம், வண்டிகள் அடிக்கடி உண்டு. அங்கே ஹசன் கோபுரம்: அல்மோஹத் வம்ச மன்னர் யாகூப் அல் மன்சூர் உலகத்திலேயே பெரிய மசூதி கட்டக் கிளம்பி, 1199இல் அவர் இறந்ததும் அப்படியே நின்றுபோனது. 44 மீட்டரில் நின்ற கோபுரமும், கூரை ஏறாத தூண் வரிசைகளும். எதிரிலேயே மொராக்கோ மன்னர் ஐந்தாம் முகமதின் சமாதி மண்டபம். அப்புறம் ஆற்று முகத்துவாரத்தில் உதாயா கோட்டை. மூன்றும் ஒரு டாக்சி தூரத்துக்குள். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம், சும்மா இல்லை.

கல்தச்சன்:

மராகேஷ் வேண்டாம் என்பதில் நீராவி சொன்னது சரி. ரபாத் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காசாபிளாங்காவில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அங்கே போய் ஃபெஸ் நகரத்தைத் தேடியவர்கள். ஆயிரம் வருஷத்துச் சந்துகளும் தோல் பதனிடும் தொட்டிகளும் அங்கே இல்லை, உண்மைதான். அது இருபதாம் நூற்றாண்டு கட்டிய ஊர். 1907இல் பிரெஞ்சுப் படை இறங்கியபோது அது மதில் சூழ்ந்த சின்னத் துறைமுகம். 1912இல் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பு நாடானது. பிரான்சின் சார்பில் ஆண்ட ரெசிடென்ட் ஜெனரல் லியோத்தே, ஆன்ரி ப்ரோஸ்த் என்ற நகரமைப்பாளரைக் கூட்டிவந்தார். பழைய ஊருக்கு வெளியே அகலமான சாலைகள் போட்டு ஒரு புது ஊரையே எழுப்பினார்கள். பிரான்சில் பரீட்சித்துப் பார்க்க முடியாததையெல்லாம் இங்கே பரீட்சித்தார்கள். ஆளப்பட்டவனின் செலவில்தான், அதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாம் முகமது பூல்வார் என்ற அகலச் சாலையில் நடந்து பாருங்கள். ஆனால் கண்ணைக் கடைகளின் மட்டத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் அழுக்கும் மூடிய ஷட்டர்களும்தான் தெரியும். இரண்டாம் மாடிக்கு மேலே பார்க்க வேண்டும். ஆர்ட் டெக்கோ பால்கனி, அதற்குக் கீழே மொராக்கோ கைவினைஞர் வைத்த ஜெல்லிஜ் என்ற வண்ண ஓட்டுத்துண்டுப் பட்டை, இரும்பை வளைத்துச் செய்த கிராதி, மூலையில் சாக்கடைக் குழாயோடு பின்னிக்கொண்டு ஒரு சிங்கத்தலை. பாரிஸ் வரைபடமும் ஃபெஸ் கையும் ஒரே சுவரில். 1917இல் கட்டிய ஹோட்டல் லிங்கன் மத்தியச் சந்தைக்கு எதிரில். பல வருஷம் பாழடைந்து, பகுதி பகுதியாக இடிந்து, முகப்பு மட்டும் மிஞ்சி, அதை வைத்து மீண்டும் எழுப்ப வேலை நடந்தது. இந்தக் கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்கும் காசாமெமுவார் என்ற அமைப்பு 1995இலிருந்து இயங்குகிறது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஐந்தாம் முகமது சதுக்கம். நீதிமன்றம், தபால் நிலையம், மணிக்கூண்டு வைத்த விலாயா (வட்டார ஆட்சி) அலுவலகம், மத்திய வங்கி, எல்லாம் ஒரே இடத்தில். தபால் நிலையத்துக்குள் போய் அம்மா பேருக்கு ஒரு அட்டை போடுங்கள், அரை மணி நேரம் உருப்படியாகக் கழியும்.

நீராவி:

கல்தச்சன் ஐயா, உங்களுக்குக் கட்டடக்கலை உயிர். அந்த அம்மாவுக்கும் பதினொரு வயதுப் பையனுக்கும் சிங்கத்தலை பார்க்கக் கழுத்து வலிக்காதா? பூல்வாரில் பாதி இடத்தில் நடைபாதை உடைந்து கிடக்கிறது. ரபாத் சுத்தமான, சாவகாசமான ஊர். யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

கல்தச்சன்:

ரபாத் சாவகாசமான ஊர்தான். ஆனால் ரயிலுக்குப் போக வர இரண்டு மணி, நிலையத்தில் காத்திருப்பு, டிக்கெட் வரிசை. மூன்று மணி நேரம் அதற்கே போய்விட்டது. காசாபிளாங்காவில் கப்பல் நின்று ரபாத்தைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குக் காசாபிளாங்கா என்பது ஒரு ரயில் மேடை மட்டும்தான்.

எஞ்சின்ரூம்:

ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நான் நடைமுறை சொல்கிறேன். தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். மொராக்கோவின் பாஸ்பேட்டும் பாஸ்போரிக் அமிலமும் நம் நாட்டு உர ஆலைகளுக்கு வருகிறதே, அந்தச் சரக்கில் ஜோர்ஃப் லாஸ்ஃபருக்கும் காசாபிளாங்காவுக்கும் போகிறவன். எங்களுக்கு ஷோர் லீவு கிடைத்தாலே நாலைந்து மணி நேரம்தான், அதனால் நேரத்தை எப்படிப் பிழிவது என்று தெரியும்.

முதலில் துறைமுகம். அது சரக்குத் துறைமுகமும்தான். கன்டெய்னர் லாரிகள் ஓடும் இடம். உள்ளே இஷ்டத்துக்கு நடக்காதீர்கள், ஷட்டில் பேருந்து எங்கே விடுகிறது, கடைசி வண்டி எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காவலர்களையும் காவல் சாவடியையும் படம் எடுக்காதீர்கள். பையனிடம் ட்ரோன் இருந்தால் சிங்கப்பூரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், மொராக்கோவுக்குள் கொண்டுவரத் தடை, பறித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது டாக்சி. ஊருக்குள் ஓடுவது சிவப்பு நிறச் சின்ன டாக்சி, பெத்தி டாக்சி என்பார்கள். மீட்டர் உண்டு. மீட்டர் போட்டால் நகர மையத்துக்குள் முப்பது மொராக்கோ திர்ஹாமுக்குள் அடங்கிவிடும். கப்பல் வாசலில் நிற்கிறவர் மீட்டரே போட மாட்டார், வாய்க்கு வந்த தொகை சொல்வார், அதுவும் யூரோவில். ஒரு முறை என்னிடம் மசூதிக்கு 20 யூரோ கேட்டார் ஒருவர். சாலை வரை நடந்துபோய் ஓடுகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன், அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

முக்கியமானது: பெத்தி டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். சட்டம். நீங்கள் நாலு பேர். ரெண்டு டாக்சி பிடிக்க வேண்டும், இல்லை பெரிய வண்டி ஒன்றை மணிக்கணக்கில் பேச வேண்டும். அம்மாவும் நீங்களும் ஒன்றில், அப்பாவும் பிள்ளையும் இன்னொன்றில். இறங்கும் இடத்தின் பெயரை இரண்டு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கயல்_சிங்கை:

நாலு பேர் ஏற முடியாது என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி அண்ணா. இன்னொரு கேள்வி: எங்கள் மூன்று பேருக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட். அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட். அவருக்கு மட்டும் சிக்கலா?

லாசப்பல்:

பாரிசில் இருந்து எழுதுகிறேன் தங்கச்சி. அம்மாவுக்கு மொராக்கோ விசா வேணும். ஷெங்கன் விசா, அதுதான் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா, கையில் இருந்தால் மொராக்கோ மின்விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கப்பலில் வாறவர்களுக்கு என்ன விதி என்று கப்பல்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கோ, வாயால் சொன்னதை நம்பாதேங்கோ.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று. மொராக்கோவில் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறினதாகக் கணக்கு. திரும்ப ஸ்பெயினுக்கோ போர்த்துக்கலுக்கோ கப்பல் போகும்போது மறுபடி நுழைய வேணும். அம்மாவின் ஷெங்கன் விசா ஒரு தடவை மட்டும் நுழையும் விசா என்றால் அங்கே மாட்டுப்படுவா. பல தடவை நுழையும் விசாவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கோ.

அது சரி, கப்பல் நிற்பது என்ன கிழமை?

கயல்_சிங்கை:

அம்மாவுக்கு இன்னும் விசா எடுக்கவில்லை, நல்லவேளை. பல நுழைவே கேட்கிறோம். கிழமை வெள்ளி.

லாசப்பல்:

அப்ப திட்டம் முழுக்க மாறும்.

இரண்டாம் ஹசன் மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் வழிகாட்டியோடு, குறித்த நேரங்களில் மட்டும் போகலாம். மொராக்கோவில் மற்றப் பெரிய மசூதிகளில் அநேகமாக எங்கேயும் எங்களை உள்ளே விடமாட்டார்கள். அது லியோத்தே காலத்தில் வந்த வழக்கம் என்று சொல்லுவினம். இதில் விடுகிறார்கள் என்பதாலேயே தவறவிடக் கூடாது. மற்ற நாள்களில் காலையில் பல சுற்று நடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை இருப்பதால் காலைச் சுற்றுகள் முன்னதாகவே முடிந்துவிடும், பிறகு பின்னேரம்தான். பின்னேரத்தை நம்பினால் கப்பல் நேரத்தோடு முட்டும். ஆகவே கப்பலால் இறங்கின உடனே நேரே மசூதிக்குப் போங்கோ. சீட்டு ஆளுக்கு 140 திர்ஹாம் அளவில், பிள்ளைகளுக்குக் குறைவு.

தோளும் முழங்காலும் மூடின உடுப்பு போதும். சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் கொண்டு நடக்க வேணும். கீழே ஒளு செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவும் மண்டபத்துக்குப் படி இறங்க வேணும், அம்மாவுக்கு ஏலாது என்றால் மேலேயே இருக்கலாம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கோ.

கல்தச்சன்:

மசூதியைப் பற்றி நானும் கொஞ்சம். 1986இல் தொடங்கி 1993 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். வடிவமைத்தவர் மிஷேல் பின்சோ, பிரெஞ்சுக்காரர். மினாரா 210 மீட்டர். அல்ஜீயர்ஸில் புதிய மசூதி எழும்பும் வரை உலகத்திலேயே உயரமானது இதுதான். உள்ளே 25,000 பேரும் முற்றத்தில் 80,000 பேரும் தொழலாம். ஒரு பகுதி கடலின் மேலேயே நிற்கிறது. கூரை நகர்ந்து திறக்கும்; நீங்கள் போகும் நேரத்தில் திறந்தால் அதிர்ஷ்டம். தேவதாரு மத்திய அட்லஸ் மலையிலிருந்து, கிரானைட் தஃப்ராவுத்திலிருந்து, சரவிளக்குகள் மட்டும் இத்தாலியின் முரானோவிலிருந்து. செலவில் பெரும்பங்கு மக்களிடம் வசூலித்தது. விரும்பித்தான் கொடுத்தார்களா என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்பை அரித்து, திறந்து பத்து வருஷம் போல் ஆனதுமே பெரிய பழுதுபார்ப்பு செய்ய வேண்டி வந்தது. கடலோரமாக நடக்கும்போது அலை சுவரில் மோதித் தெறிப்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

உங்கள் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சுவரில் ஒரே ஒரு ஜெல்லிஜ் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் எத்தனை துண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டும் சுட்ட மண் ஓட்டிலிருந்து உளியால் கொத்தி எடுத்தது. பின்பக்கம் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள், முன்பக்கம் துண்டோடு துண்டு இடைவெளியில்லாமல் பொருந்துவதற்காக. முகம் கீழே பார்க்கத் தரையில் அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றிப் பலகையாக்கி, அப்புறம்தான் சுவரில் ஏற்றுவார்கள். அடுக்குகிறவர் வேலை முடியும் வரை நிறத்தையே பார்க்க மாட்டார்.

பச்சைமிளகாய்:

கயல், சாப்பாடு பற்றி யாருமே பேசவில்லையே! அம்மா சைவமா?

கயல்_சிங்கை:

வெள்ளிக்கிழமை சுத்த சைவம். மற்ற நாளில் மீன் சாப்பிடுவார். சரியாக வெள்ளிக்கிழமை வந்து மாட்டிக்கொண்டது :)

பச்சைமிளகாய்:

சமாளிக்கலாம். ஹரிரா சூப்பை சைவம் என்று சொல்லிக் கொடுப்பார்கள், நம்பாதீர்கள், பெரும்பாலும் கறித்துண்டோ கறிச்சாறோ இருக்கும். காய்கறித் தஜின் (மண்சட்டியில் வேகவைப்பது) கேட்டாலும் கறியோடு வெந்து, கறியை மட்டும் எடுத்து வைத்துவிட்டுக் கொடுக்கிற இடங்கள் உண்டு. ரவையை உருட்டி ஆவியில் வேகவைக்கும் கூஸ்கூஸும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை மதியம் ஊரே கூஸ்கூஸ் சாப்பிடும், ஆனால் மேலே ஊற்றும் குழம்பு கறிச்சாறு.

பயமில்லாமல் சாப்பிடக் கூடியவை: காலையில் ம்செமென். மைதாவும் ரவையும் கலந்து, எண்ணெய் தடவி மடித்து மடித்துக் கல்லில் போடுவது, நம் வீச்சுப் பரோட்டாவின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனோ வெண்ணெயோ தொட்டுக்கொள்ளலாம். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பக்ரீர் அப்பம். கத்தரிக்காய், தக்காளி மசித்த ஸாலூக். பிஸ்ஸாரா கிடைத்தால் விடாதீர்கள், காய்ந்த ஃபாவா பயறை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் தூவியது. "சான் வியாந்த், சான் புய்யோன்" என்று சொல்லிப் பழகுங்கள். கறியும் வேண்டாம், கறிச்சாறும் வேண்டாம்.

எஞ்சின்ரூம்:

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே இடம் மத்தியச் சந்தை, மார்ஷே சாந்த்ரால். நடுவில் மீன் கடைகள், சுற்றிலும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். மீனை நீங்களே பார்த்து எடுத்து நிறுத்து, பக்கத்துக் கடையில் கொடுத்தால் சுட்டோ பொரித்தோ தருவார்கள். மத்தி எடுத்தால் தப்பே செய்ய முடியாது. மொராக்கோ உலகத்துக்கே மத்தி ஏற்றுமதி செய்கிற நாடு. நடுமுள்ளை எடுத்துவிட்டு, இரண்டு மத்திக்கு நடுவில் கொத்தமல்லி, பூண்டு, சீரகம் அரைத்த ஷெர்மூலாவை வைத்து மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். காரம் இருக்காது, அதற்கு ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தனியாகக் கேளுங்கள். ஊவாலிதியா என்ற ஊரின் சிப்பி வேறு, எலுமிச்சை பிழிந்து பச்சையாக. நான் சாப்பிடுவேன், கப்பல் பயணத்துக்கு நடுவில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

மீனைச் சமைக்கக் கொடுப்பதற்கு முன் சமையல் கூலி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் பில்லில் ரொட்டி, ஆலிவ், சாலட் எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஜெட்லாக்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்குக் கப்பல் இல்லை, விமானம். காசாபிளாங்காவில் ஏழு மணி நேர இடைநிறுத்தம், மேற்கு ஆப்பிரிக்கா போகிற வழியில். வெளியே வந்து பார்ப்பது சாத்தியமா?

நீராவி:

ஐந்தாம் முகமது விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் இருக்கிறது. நகரத்துக்கு முக்கால் மணி நேரம். குடிவரவு வரிசை, திரும்பி வந்து பாதுகாப்புச் சோதனை எல்லாம் கழித்தால் ஊருக்குள் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். மசூதியை வெளியிலிருந்து பார்த்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். இடைநிறுத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் வெளியே வராதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று முதலில் பாருங்கள்.

மதுரைக்காரன்:

இத்தனை பேர் பேசுகிறீர்கள், டான்ஜியரை யாரும் சொல்லவில்லையே. சில மணி நேரத்துக்கு ஏற்ற மொராக்கோத் துறைமுகம் என்றால் அதுதான். ஸ்பெயினின் தரிஃபாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம், இறங்கினால் எதிரே பழைய ஊர். டாக்சியே வேண்டாம். சந்துக்குள் உலகம் சுற்றிய பயணி இப்ன் பதூதாவின் சமாதி என்று ஒரு சின்ன அறை உண்டு. டான்ஜியரில் 1304இல் பிறந்த மனுஷன் நம்ம மதுரை வரைக்கும் வந்து, அப்போதிருந்த மதுரை சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலை முறையும் ஆனவர். அக்காவை ஒருவர், தங்கையை ஒருவர் கட்டியிருந்தார்கள். ஆனாலும் சகலை என்று பார்க்காமல், சுல்தான் செய்த கொடுமைகளைத் தான் கண்டது கண்டவாறே சொல்லிவைத்தார். மதுரையில் கொள்ளை நோய் பரவியதையும் சொல்லியிருக்கிறார்.

நெறியாளர்:

மதுரைக்காரரே, சுவாரசியமான விஷயம், டான்ஜியருக்குத் தனி இழை தொடங்குங்கள். ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டான்ஜியர் வில் துறைமுகம் வேறு, டான்ஜியர் மெத் துறைமுகம் வேறு. இரண்டாவது ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே. படகுச் சீட்டு எடுக்கிறவர்கள் எந்தத் துறைமுகம் என்று பார்த்து எடுங்கள்.

கயல்_சிங்கை:

எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். மராகேஷ் கைவிடப்பட்டது. இப்போது "ரிக்ஸ் கஃபே போக வேண்டும், அந்த 'காசாபிளாங்கா' சினிமாப் படத்தில் வருமே" என்கிறார். மதீனா என்கிற பழைய ஊர்ப் பகுதியையும் கேட்கிறார்.

கல்தச்சன்:

அந்தப் படத்தை முழுக்க அமெரிக்காவில்தான் எடுத்தார்கள். அந்தக் கஃபே 2004இல் முன்னாள் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் படத்தைப் பார்த்து அமைத்தது. அழகாக இருக்கும், விலையும் அழகாக இருக்கும். வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகரலாம். அதிலிருந்து பக்கத்தில்தான் ஸ்கலா, 18ஆம் நூற்றாண்டுக் கடல் கொத்தளம், பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1755 நிலநடுக்கத்தில் ஊர் அழிந்த பிறகு சுல்தான் மூன்றாம் முகமது மறுபடி எழுப்பியபோது வந்தது. உள்ளே தோட்டத்தோடு ஓர் உணவகம், அம்மா உட்கார நல்ல இடம்.

லாசப்பல்:

பழைய மதீனா வெள்ளி மத்தியானம் அரைவாசி பூட்டிக் கிடக்கும். அதற்குப் பதிலாக ஹபூஸ் போங்கோ. பிரெஞ்சுக்காரர் மொராக்கோ மக்களுக்கென்று 1917க்குப் பிறகு கட்டின "புது மதீனா". சந்து இருக்கும், வளைவு இருக்கும், ஆனால் நேராகவும் துப்புரவாகவும் இருக்கும், அம்மாவுக்குத் தடக்காது. கன பேர் அதைப் போலி என்பினம். நூறு வருசம் ஆட்கள் குடியிருந்த பிறகு எது போலி? ஆலிவ் சந்தையில் பச்சை, ஊதா, கறுப்பு, எலுமிச்சை போட்டது, மிளகாய் போட்டது என்று குவித்து வைத்திருப்பார்கள், ருசி பார்க்கத் தருவார்கள். பெனிஸ் பேக்கரியில் பிறை வடிவப் பலகாரம் வாங்குங்கோ, உள்ளுக்குள் பாதாம் அரைத்துத் தோடம்பூ (ஆரஞ்சுப் பூ) நீர் விட்டுப் பிசைந்திருக்கும். முட்டை போட்டதா என்று அம்மாவுக்காகக் கேட்டு வாங்குங்கோ. அங்கேயும் தொழுகை நேரத்தில் கடை பூட்டுவினம், அதனால் பதினொன்றரைக்குள் ஹபூசை முடித்துவிடுங்கோ.

கயல்_சிங்கை:

அப்படியானால் இப்படி வைத்துக்கொள்கிறேன். இறங்கியதும் மசூதி, காலைச் சுற்று. அங்கிருந்து இரண்டு டாக்சியில் ஹபூஸ். மதியம் மத்தியச் சந்தை: கணவரும் மகனும் மீன், அம்மாவுக்கும் எனக்கும் பக்கத்தில் ஸாலூக்கும் ரொட்டியும். பிறகு சதுக்கம் வரை கல்தச்சன் ஐயா சொன்ன நடை, அம்மாவுக்கு முடியாவிட்டால் ட்ராம். கடைசியில் ஸ்கலாவில் தேநீர். நாலு மணிக்குத் துறைமுக வாசல். சரியாக வருமா?

நீராவி:

வரும். ரபாத் போகாத குறை ஒன்றுதான் :) மத்தியச் சந்தை, நாசியோன் யூனி (ஐக்கிய நாடுகள் சதுக்கம்), ஐந்தாம் முகமது சதுக்கம் மூன்றும் ட்ராமின் முதல் தடத்திலேயே வரும்.

கல்தச்சன்:

நேரம் மிஞ்சினால் மட்டும், சதுக்கத்துக்குப் பின்னால் சாக்ரே கேர் தேவாலயம். 1930இல் எழுந்த வெள்ளைக் கான்கிரீட். இப்போது வழிபாடு இல்லை, உள்ளே விடுவார்களா என்பது அன்றைய நிலவரம்.

எஞ்சின்ரூம்:

திட்டம் நன்றாக இருக்கிறது, கடிகாரம்தான் பாக்கி. செப்டம்பரில் மொராக்கோ நேரம் ஸ்பெயினை விட ஒரு மணி பின்னால். கப்பல் ஸ்பெயின் நேரத்திலேயே ஓடினால், 5.30 என்பது ஊர்க் கடிகாரத்தில் 4.30. உங்கள் போன் கரை ஏறியதும் தானாக மொராக்கோ நேரத்துக்கு மாறிவிடும், நீங்கள் நாலரை என்று நினைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள், கப்பல் ஏணியை எடுத்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒருவர் கையில் கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் கட்டாயம். காலையில் மசூதிச் சுற்று ஊர் நேரப்படி, அதையும் கணக்கில் வையுங்கள். எட்டு மணி கரை என்பதே கப்பல் நேரம் என்றால் உங்களுக்குக் காலையில் ஒரு மணி லாபம்.

கயல்_சிங்கை:

ஐயோ, இது மட்டும் யாரும் சொல்லாமல் விட்டிருந்தால்! அம்மாவின் பழைய ஹெச்.எம்.டி. கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துவிடுகிறேன். அதை மாற்ற யாருக்கும் தெரியாது. திர்ஹாம் முன்னாலேயே சிங்கப்பூரில் வாங்கிக்கொள்ளலாமா?

எஞ்சின்ரூம்:

வேண்டாம். வெளிநாட்டில் சுலபமாகக் கிடைக்காது, கிடைத்தாலும் நஷ்டம். காசா போர் ரயில் நிலையத்தில் ஏ.டி.எம். உண்டு, மசூதிச் சீட்டு நாலையும் கூட்டிப் பார்த்து எடுங்கள். டாக்சிக்குச் சில்லறை வேண்டும், 200 திர்ஹாம் நோட்டை நீட்டினால் மீதி இல்லை என்று கையை விரிப்பார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி முதல் நோட்டை மாற்றிவிடுங்கள். மிச்சமானதை வெளியே வந்து மாற்றுவதும் கஷ்டம். ஹபூசில் ஆலிவ் வாங்கிக் காலி செய்யுங்கள், ஆனால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டித் தரச் சொல்லுங்கள், கேபினில் எண்ணெய் கொட்டினால் கடைசி வரை மணக்கும்.